கோழிச் சந்தையில் குடிகொண்ட வைரஸ்

பறவைக் காய்ச்சல் என்றதும் பண்ணைகளில் செத்து விழும் கோழிகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அந்நோய் தங்கிப் பெருகும் இடம் பண்ணை மட்டுமன்று என்பதை ஹொங்கொங்கின் அனுபவம் காட்டுகின்றது.

1997 மார்ச்சில் அங்கு மூன்று பண்ணைகளில் ஆயிரக்கணக்கான கோழிகள் மடிந்தன. மே மாதத்தில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அவனைத் தொற்றியது எச்5என்1 வைரஸே என்பது ஓகஸ்டில்தான் தெரியவந்தது. அவ்வைரஸ் மனிதரைத் தொற்றியமை அறியப்பட்டது அதுவே முதற் தடவை. ஆண்டிறுதிக்குள் 18 பேர் நோயுற்றனர். அவர்களுள் ஆறு பேர் இறந்தனர்.

ஆய்வாளர்கள் உயிர்க்கோழிச் சந்தைகளை நாடினர். பரிசோதிக்கப்பட்ட கோழிகளில் ஏறத்தாழ ஐந்திலொன்றில் வைரஸ் காணப்பட்டது. நோய்க்குறி காட்டாமலே வைரஸைச் சுமக்கவல்ல தாராவும் வாத்தும் கோழிகளுக்கு அருகிலேயே கூடுகளில் அடைக்கப்பட்டிருந்தன. விற்பனையாகாத கோழி இரவு அங்கேயே தங்கும்; மறுநாட் காலை புதிதாக வரும் கோழி அதனோடு சேரும். வைரஸுக்குக் கோழி கிடைக்காத நாளே இருந்ததில்லை.

அப்போது சுகாதாரப் பணிப்பாளராகவிருந்த மார்கரட் சான், தாம் நாள்தோறும் கோழியிறைச்சி உண்பதாகக் கூறி மக்களைத் தேற்ற முயன்று கண்டனத்துக்கு ஆளானார். நன்கு சமைத்த இறைச்சியைப் பொறுத்தவரை அவர் கூற்றில் தவறில்லை. ஆபத்து, உயிருள்ள கோழியைத் தூக்கிப் பார்த்து வாங்கும் வழக்கத்தில் இருந்தது.

டிசெம்பர் 29 இல் தொடங்கிச் சில நாட்களுக்குள் சுமார் 15 இலட்சம் பறவைகள் கொல்லப்பட்டன. மனிதத் தொற்றும் நின்றது. செய்திகளில் இடம்பெற்றது இப்பேரழிப்பே. எனினும் அது நிரந்தரத் தீர்வாகவில்லை. 2001 இலும் 2002 இலும் சந்தைக் கோழிகளில் நோய் மீண்டும் தோன்றியது. பயன் தந்தவை ஆரவாரமற்ற மாற்றங்களே. தாரா, வாத்துக்கள் கோழிகளினின்றும் பிரிக்கப்பட்டன. மாதத்தில் ஒருநாள் சந்தைகள் வெறுமையாக்கப்பட்டுக் கழுவப்பட்டன. உயிருள்ள காடைகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. 2003 இல் பண்ணைக் கோழிகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. 2004 ஆரம்பத்தில் வியட்நாம், தாய்லாந்துப் பண்ணைகளில் நோய் பரவியபோது ஹொங்கொங் பண்ணைகள் தப்பின.

2008 இல் சந்தைகளில் மறுபடியும் வைரஸ் கண்டறியப்படவே, உயிர்க்கோழியைச் சில்லறைக் கடைகளில் இரவில் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. வியாபாரிகள் எதிர்த்தனர், அவர்களின் பிழைப்பே அதில் தங்கியிருந்தது. பலர் அரசாங்கத்தின் இழப்பீட்டைப் பெற்று உரிமங்களைக் கையளித்தனர். எஞ்சியோர் விற்பனையாகாத கோழிகளை அன்றன்றே மாலை எட்டு மணிக்குள் கொன்றுவிட வேண்டும் என்பது விதியாயிற்று.