ஊரின் வாசலும் நமது அமானிதமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், பாலாற்றங்கரையில் அமைந்த நமது வாணியம்பாடிக்கு இரயில் நிலையமே வெளியுலகின் வாசலாக இருந்து வருகின்றது. ஆலங்காயம் வழியாக மலையிலிருந்து இறங்கி வரும் மக்களுக்கும் இதுவே வாசல். அதன் வரலாற்றை இளைய தலைமுறையினர் அறிந்திருத்தல் நலம்.

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மதராஸ் இரயில்வே நிறுவனம் அப்பாதையை மேற்கே நீட்டிக்கொண்டே சென்று, 1862இல் அரபிக்கடலோரத்துப் பேப்பூரை எட்டியது. அப்பாதையிலேயே நமது நிலையமும் அமைந்துள்ளது. 1864இல் அருகிலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டதால், ஒருபுறம் சென்னையும் மறுபுறம் மைசூர்ச் சீமையும் நமக்கு அண்மையாயின. 1951இல் தென்னக இரயில்வே உருவானபோது இப்பாதை அதன் அங்கமாயிற்று.

இப்பாதையினால் நம் முன்னோர்கள் அடைந்த நன்மைகள் பல. இங்கும் ஆம்பூரிலும் பதனிடப்பட்ட தோல்கள் இரயிலேறிச் சென்னைத் துறைமுகம் சென்றன. தோல் மண்டிகள் நிறைந்த பெரியமேடு, சென்ட்ரல் நிலையத்திற்கு அருகிலேயே இருந்தது வணிகர்களுக்குப் பெரும் வசதியாயிற்று. 1919இல் தொடங்கப்பெற்ற இஸ்லாமியாக் கல்லூரியை நாடி வெளியூர் மாணவர்கள் வந்திறங்கினர். நோயாளிகள் காட்பாடியில் இறங்கி வேலூர் மருத்துவமனைக்குச் சென்றனர். பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்றவர்களின் புனிதப் பயணமும் இரயிலிலேயே தொடங்கியது. 1995இல் அக்கப்பல் பயணம் நின்று, ஹாஜிகள் விமானத்திலேயே செல்லலாயினர்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோயினால் நாடெங்கும் பயணிகள் இரயில்கள் நிறுத்தப்பட்டன. அன்றாடம் வேலைக்குச் சென்று வந்தோரும் சிறு வணிகரும் பட்ட துன்பத்தை நாம் மறந்துவிடலாகாது. இருக்கும்போது அருமை தெரியாத அருட்கொடைகளில் இரயிலும் ஒன்று என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். விரைவு வண்டிகளுக்குப் புதிய நிறுத்தம் வழங்கும்போது, இரயில்வே நிர்வாகம் பெரும்பாலும் அதனைச் சோதனை முறையிலேயே வழங்குகின்றது. அந்நிலையத்தில் எத்தனை பயணச்சீட்டுகள் விற்றன, எவ்வளவு வருவாய் கிடைத்தது என்பதைப் பார்த்தே அதனைத் தொடர்வதா, நீக்குவதா என்று முடிவு செய்கின்றது. சீட்டின்றிப் பயணம் செய்பவர் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அவர் அரசின் பொருளை மட்டுமன்றி, ஊரின் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கிடைக்க வேண்டிய நிறுத்தத்தையும் பறிக்கின்றார். "சிறு தொகைதானே" என்று எண்ணுதல் கூடாது. அது பொதுச் சொத்தில் செய்யும் மோசடி, அமானிதத்தை மீறுதல்.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் சேர்த்த மார்க்கம் நம்முடையது. பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும் அது சலுகை அளித்துள்ளது. பயணிகளின் நலனை அவ்வளவு பேணும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், சீட்டு வாங்கிப் பயணிப்போம். தண்டவாளத்தைக் குறுக்கே கடவாதிருப்போம். நிலையத்தைத் தூய்மையாக வைத்திருப்போம். வந்திறங்கும் அயலூராருக்கு, எம்மதத்தவராயினும், உதவுவோம்.

முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற இவ்வாசலைக் குறைவின்றி நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.