மன்னார்த் தீவின் வேதசாட்சிகளும் இரண்டு சங்கிலிகளும்

மன்னார்த் தீவிலே தோட்டவெளி என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம், 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட கத்தோலிக்கரின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் அடக்கம் செய்யப்பட்ட மண் இதுவே என்பது தீவு மக்களின் வழிவழி நம்பிக்கை.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். பின்னர் அக்கரையிலே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்களும் அழைத்தனர். திருவிதாங்கூர்க் கரையை விட்டு வர இயலாத அவர், தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். பட்டிம் என்று போர்த்துக்கேய ஏடுகள் குறிக்கும் ஊரிலே பலர் திருமுழுக்குப் பெற்றனர். செய்தி நல்லூருக்கு எட்டியதும் படை வந்தது. மாண்டோர் 600 என்பர் சிலர். 700 என்பர் வேறு சிலர்.

மதவெறி என்ற ஒற்றைச் சொல்லால் இதனை விளக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அக்காலத்தில் திருமுழுக்குப் பெறுவது போர்த்துக்கேய அரசின் குடையின் கீழ்ச் செல்வதற்கு ஏறத்தாழ ஒப்பானது. சங்கிலியின் அரியணைக்கு உரிமை கோரிய தமையனும், கிறிஸ்தவனாவதாக வாக்களித்துப் போர்த்துக்கேயரின் உதவியை நாடியிருந்தான். ஆகவே மன்னனின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும் அரசுரிமைச் சண்டையில் எந்தப் பங்குமற்ற மக்களை வெட்டி வீழ்த்தியதற்கு அது நியாயமாகிவிடாது.

மன்னனைத் தண்டிக்க வேண்டுமெனச் சவேரியார் வற்புறுத்தினார். 1545இல் நாகபட்டினம் சென்று படையெடுப்புக்காகக் காத்துமிருந்தார். அவ்வேளை பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு மன்னன் வசமாயிற்று. சரக்கை மீட்கும் கவலையில் படையெடுப்புக் கைவிடப்பட்டது. (வணிகருக்கு எது பெரிதென்று சொல்லவும் வேண்டுமோ!)

பதினைந்து ஆண்டுகளின் பின், 1560இல், பதிலரசர் கொன்ஸ்தாந்தீனு த பிரகன்சா நல்லூர் மீது படையெடுத்தார். யாழ்ப்பாணத்தைத் தக்கவைக்க முடியவில்லை. மன்னார் மட்டும் கைக்கு வந்தது. அங்கே கோட்டை எழுந்தது. தமிழில் முதல் அச்சு நூல்களைத் தந்த அண்ட்ரிக் அடிகளாரும் இத்தீவிலே சில காலம் பணியாற்றினார். 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். எதிர்க்கரையிலுள்ள மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவம் மடுக்காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது அந்த நெருக்கடியிலேதான்.

ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையும் மன்னார்ப் படுகொலையைச் சொல்கிறது. ஆனால் இரண்டு சங்கிலிகளை அந்நூல் ஒருவராக்கிவிட்டது. 1544இல் ஆண்டவன் முதலாம் சங்கிலி. 1619இல் பிலிப் தெ ஒலிவேராவிடம் தோற்று, கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு மரணதண்டனை பெற்றவன் சங்கிலி குமாரன். இருவருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு இருக்கிறது.

இக்குழப்பம் இன்றும் தீரவில்லை. நல்லூரிலே சிலையாக நிற்கும் சங்கிலியன் தமிழரின் இறைமைக்காகப் போராடியவன். தோட்டவெளி மக்களுக்கோ அப்பெயர் கொலைவாளை நினைவூட்டுவது. இருசாராரும் தமிழரே. நல்லூரில் மாலை சூட்டுவோர் எந்தச் சங்கிலிக்குச் சூட்டுகிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால், தோட்டவெளியாரோடு உரையாடுவது எளிதாகும்.