பேர் தெரியாத ரத்தம்

தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கட்டப் பணம் கொடுத்தவர்களின் அடையாளம் இன்றைக்கும் அதன் பெயராக நிற்கிறது. மிராசுதார் வயலில் நாற்றுப் பறித்து, களையெடுத்து அந்தப் பணத்தை விளைவித்த பள்ளர், பறையர் பேர் எந்தப் பலகையிலும் இல்லை. மருத்துவத்தின் வரலாறும் நமக்கு இப்படித்தான் எழுதித் தரப்பட்டிருக்கிறது.

1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில். மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனிடம் படித்த நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. டாக்டருக்கே வெறுங்கை என்றால், ரத்தக் குழாய் கழுவியவர்களுக்கும் குப்பை சுமந்தவர்களுக்கும் எது இருந்திருக்கும்?

எய்ட்ஸ் என்றதும் ஊரே அலறியது. ஆனால் எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவது ஆயிரத்துக்கு மூன்று பேருக்கு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் நூற்றுக்கு 6 முதல் 30 வரை. கல்லீரலைத் தின்னும் இந்த நோய்க்கு 1980களிலேயே தடுப்பூசி வந்துவிட்டது. வெளிநாட்டுச் சரக்கு, எட்டாத விலை. 1997இல் ஹைதராபாத்தில் தயாரான பிறகுதான் விலை இறங்கியது. விலை இறங்கியும் எல்லாக் கைக்கும் அது இறங்கி வரவில்லை.

ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற டெக்னீசியனுக்கு, ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது குத்துகிறது. அதுவும் கொடுமைதான். ஆனால் யார் ரத்தம் என்று அவருக்குத் தெரியும். அந்த நோயாளியைச் சோதிக்கலாம். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் எச்.ஐ.வி.யைத் தடுக்கலாம். பையைத் தூக்குகிற துப்புரவுத் தொழிலாளிக்குக் குத்துவது யாரோ, என்றைக்கோ போட்ட ஊசி. அது பேர் தெரியாத ரத்தம். யாரைப் போய்ச் சோதிப்பது? "குத்திருச்சுன்னு சொன்னா நாளைலேருந்து வராதேன்னுருவாங்க" என்கிற பயத்தில், ஒப்பந்தக் கூலியாள் விரலைக் கழுவிக்கிட்டு அடுத்த வார்டுக்குப் போயிடுறார். அந்த வேலைக்கு யார் வரணும் என்பதைச் சாதி முன்னாடியே தீர்மானிச்சு வச்சிருக்கு.

உலகில் மூன்றரைக் கோடி மருத்துவப் பணியாளர்களில் ஆண்டுக்கு 30 லட்சம் பேருக்கு ஊசியும் கூர்முனையும் குத்துவதாக 2002இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. விரலைக் கழுவிக்கொண்டு போனவர் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவக் கழிவு விதிகள் 1998இல் வந்தன, 2016இல் திருத்தி எழுதப்பட்டன. ஊசியைத் துளைபடாத பெட்டியில்தான் போட வேண்டும். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். விபத்து நடந்தால் பதிய வேண்டும். 'எல்லோரும்' என்றால் ஒப்பந்தக் கூலியும்தான்.

தோழர்களே, உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கும், தெருமுனை லேபுக்கும் போங்கள். தடுப்பூசிப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கூட்டுகிறவர் பேர் அதில் இருக்கிறதா, மூன்று ஊசியும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். இல்லையென்றால் போடும்வரை கேளுங்கள்.