ஃப்ரிட்ஜ் தின்னும் கரண்ட்: ஒரு சின்ன வரலாறும் கொஞ்சம் கணக்கும்



போன வாரம் நம் அரூரில் மூன்று வீடுகளுக்குப் போயிருந்தேன். மூன்றிலும் பிள்ளைகள் ஓசூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் வயதானவர்கள் மட்டும். இரண்டு வீடுகளில் ராத்திரி ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டுத்தான் படுக்கிறார்கள். கேட்டால் "கரண்ட் பில் ஏறிடும் சார்" என்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்று எழுதலாம் எனத் தோன்றியது. வகுப்பு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ச்சி என்பது நம் நாட்டில் நெடுநாள் பணக்காரர்களின் பொருளாகவே இருந்தது. சென்னை மெரினா எதிரே இன்று விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-ல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, ஃப்ரெடெரிக் டியூடர் என்ற வணிகர் கப்பலில் அனுப்பினார். அதைச் சேமித்த கிடங்கு அது. இயந்திரத்திலேயே பனிக்கட்டி செய்ய முடியும் என்றானதும் அந்த வணிகம் படுத்துவிட்டது. நம் பக்கத்து மக்களுக்கோ மண்பானையும் ஈரத்துணியும்தான் ஃப்ரிட்ஜ். பாலைக் காய்ச்சிக் காய்ச்சி வைப்போம். மாவு மறுநாளே புளித்துவிடும்.

ஃப்ரிட்ஜ் வர முதலில் மின்சாரம் வர வேண்டுமே. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1937-ல் அங்கிருந்து மின்சாரம் கிடைத்தது. அப்போது அரூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல். 1957 ஜூலை 1-ல் மின்வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டே, 1958-ல், கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் ஃப்ரிட்ஜ் செய்ய ஆரம்பித்தது. ஆனால் அது நடுத்தர வீட்டுக்குள் நுழைய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அந்தப் பழைய பெட்டிகள் மின்சாரத்தை அதிகம் குடித்தன. சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருப்பார்கள். பின்னாளில் வந்த பஃப் என்னும் நுரை வெப்பத்தை அதைவிட நன்றாகத் தடுத்தது. வெளிச்சூடு உள்ளே வராவிட்டால் கம்ப்ரசர் ஓடும் நேரம் குறையும், யூனிட்டும் குறையும். எந்தப் பெட்டி எவ்வளவு குடிக்கும் என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லாமல் இருந்தது. 2006-ல் மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு நட்சத்திர முத்திரையைக் கொண்டுவந்தது. 2010 முதல் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைக்கு அது கட்டாயம். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அதன் கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும், அதைப் படியுங்கள். விதிகளை அவ்வப்போது இறுக்குகிறார்கள். அதனால் பழைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

இப்போது கட்டணத்தின் கதை. 2016 மே மாதம் பதவியேற்றதும் முதல்வர் ஜெயலலிதா, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று உத்தரவிட்டார். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து ஏறும். 500 யூனிட்டுக்கு 1130 ரூபாய், 510-க்கு 1800-ஐத் தாண்டும். வயதானவர்களின் பயத்துக்கு வேர் இதுதான். 2022 செப்டம்பரில் புதிய கட்டணம் வந்தது. 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய் அதுவும் 4.50 ஆகும், 500-க்கு மேல் 600 வரை யூனிட் 8 ரூபாய். 2024-ல் இன்னும் சற்று ஏறியது. ஆனால் படிக்கட்டின் அமைப்பு அப்போது மாறவில்லை. 2022 விலையிலேயே கணக்குப் போடுவோம்.

நாளுக்கு ஒன்றரை யூனிட் எடுக்கும் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். அரை யூனிட் எடுக்கும் புதிய சிறிய ஃப்ரிட்ஜ் என்றால் 30. வித்தியாசம் 60 யூனிட். இதன் விலை என்ன?

வீட்டுக்கு வீடு வேறு! 300 யூனிட் ஓடும் வீடு 240-க்கு இறங்கினால் மிச்சம் 270 ரூபாய். ஏசி வைத்து 540 ஓடும் வீடு 480-க்கு இறங்கினால் 2270 ரூபாய் பில் 1605 ஆகும். மிச்சம் 665. ஓசூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகளே, பழைய ஃப்ரிட்ஜை மாற்றினால் லாபம் உங்களுக்குத்தான்.

அம்மா வீட்டுக்கு வருவோம். இரண்டு ஃபேன், நாலு விளக்கு, டிவி, மிக்ஸி எல்லாம் சேர்ந்து 90 யூனிட் என்று வையுங்கள். அதோடு பழைய ஃப்ரிட்ஜின் 90. மொத்தம் 180. பில் 80 பெருக்கல் 2.25, அதாவது 180 ரூபாய். நாளுக்கு 3 ரூபாய். இதற்காகவா ராத்திரி சுவிட்சை அணைப்பது? அணைத்தாலும் பெரிதாக மிச்சமில்லை. ராத்திரி ஏறிய சூட்டை இறக்கக் காலையில் கம்ப்ரசர் விடாமல் ஓடும்.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நான் பார்த்த ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்குள் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இன்சுலின் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் சுவர் ராத்திரியிலும் கொதிக்கும். தினமும் பல மணி நேரம் அணைத்து வைத்தால் மருந்து வீரியம் இழக்கலாம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரியும்.

ஆகவே ஊருக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டியாம்மா" என்பதோடு "ஃப்ரிட்ஜ் ஓடுதாம்மா" என்றும் கேளுங்கள். கரண்ட் பில்லை உங்கள் போனிலேயே கட்டிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தாள் சுலபமாக உருவி வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சூடான குழம்பை ஆறவைத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். சுவிட்சை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு பில்லில் எத்தனை யூனிட் என்று கீழே எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன். வாழ்க வளமுடன்.