எடைக்குப் போன இசைத்தட்டுகள்: ஒரிஜினலா, ரீமாஸ்டரா?

கார்த்திகை தீபம் முடிந்த வாரம். ஓ.பி.யில் வழக்கம்போல நாய்க்கடி வரிசை. அதில் ஒரு ஜெர்மானியர், ஐம்பது வயதைத் தாண்டியவர். கிரிவலப் பாதையில் நடந்தவரை கணுக்காலில் நாய் கவ்வியிருக்கு. (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

காயத்தை சோப்பு போட்டு ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவச் சொல்லிட்டு, ஊசி அட்டவணை எழுதிக் கொடுத்தேன். 0, 3, 7, 28-ஆம் நாட்கள். ஆக நாலு தடவை வந்தாக வேண்டும்.

முதல் ஊசி போட்டதுமே அவர் கேட்டது இதுதான்.

"டாக்டர், இந்த ஊரில் பழைய ரெக்கார்டு எங்கே கிடைக்கும்? 80-களில் வந்த இளையராஜா டிஸ்கோ பாட்டுகள். அப்போது அடிச்ச ஒரிஜினல் தட்டுதான் வேண்டும். ரீமாஸ்டர் வேண்டாம்."

சிரிப்பு வந்தது. கூடவே வயித்தைப் பிசையவும் செய்தது.

ஏன்னு சொல்றேன்.

என் தாய்மாமா போளூர் பக்கம் ஒரு கிராமத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசம் கூழ் ஊத்துற திருவிழா, ராத்திரி ரெக்கார்டு டான்ஸ் எல்லாத்துக்கும் அவர் செட்டுதான். ரெண்டு பெட்டி நிறைய இசைத்தட்டுகள். கேசட் வந்ததும் பெட்டிகள் பரணுக்குப் போச்சு. நான் எம்.பி.பி.எஸ் படிக்கும்போது வீட்டுக்கு ஓடு மாத்தினாங்க. அப்போ அந்தப் பெட்டிகள் காயலாங்கடைக்கு எடைக்குப் போனது. வண்டியில் தூக்கி வைத்தது நான்தான்.

"எல்லாப் பாட்டும் கம்ப்யூட்டர்லயே கிடைக்குது மாமா" என்று வேறு சொன்னேன். மாமா ஒண்ணும் பேசல.

எல்லாம் கிடைக்குதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் 120 வருஷ வரலாறு வருது.

1902 நவம்பர். பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் உள்ளிட்டோர் பாடியதைப் பதிவு செய்தார். அன்னைக்கு இங்கே தட்டு அடிக்கத் தொழிற்சாலை கிடையாது. மெழுகில் எடுத்த பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், தட்டாகத் திரும்பி வந்தது. 1908-ல்தான் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை. 1928-ல் டம்டம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. அந்தக் காலத்துத் தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. அதில் பெரும்பங்கு போனது இந்தியாவிலிருந்துதான்! நம்ம அரக்கு, நம்ம பாட்டு. அடிச்சது மட்டும் வெளியூர்.

அரக்குத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கம் மூணு நாலு நிமிஷம்தான். 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வினைல் எல்.பி.யைக் கொண்டு வந்தது. அடுத்த வருஷமே ஆர்.சி.ஏ.வின் 45 சுற்றுத் தட்டு. நம்ம சினிமாப் பாட்டு பெரும்பாலும் வந்தது 7 இன்ச் இ.பி.யில். பக்கத்துக்கு ரெண்டு பாட்டு.

சரி, டான்ஸ் ரெக்கார்டுக்கு வருவோம்.

தட்டில் பேஸ் சத்தம் பெரிசா வேணும்னா வரிப்பள்ளம் அகலமா நெளியணும். அதுக்கு இடம் வேணும். இடம் இல்லாத தட்டில் ரொம்பப் பாட்டைத் திணிச்சா சத்தத்தைக் குறைச்சுத்தான் செதுக்க முடியும். இதுக்கு நியூயார்க் டிஸ்கோக்காரங்க 70-களில் கண்ட வழி, பெரிய 12 இன்ச் தட்டில் ஒரே ஒரு பாட்டு. 1976-ல் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' அப்படி விற்பனைக்கு வந்த முதல் தட்டுகளில் ஒன்று. அந்த ஒரிஜினல்களுக்கு இன்னைக்கும் அடிதடி நடக்கக் காரணம் இதுதான். ஆடுறதுக்காகவே அளந்து செதுக்கின தட்டு அது.

மூணாம் நாள் ஊசிக்கு வந்தவர் ஒரு பேர் சொன்னார். சரண்ஜித் சிங்.

பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 மெஷின்களை வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு எல்.பி.யாக்கினார். பூபாலி, யமன், மால்கவுன்ஸ் எல்லாம் உண்டு. நம்ம மோகனம், கல்யாணி, இந்தோளம்னு வச்சுக்கோங்க. தட்டு விலைபோகல. ஊர் மறந்து போச்சு.

ஐந்து வருஷம் கழிச்சு, 1987-ல், அமெரிக்காவின் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே 303 மெஷினை வைத்து 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசைவகையே அதிலிருந்து பிறந்தது. கிட்டத்தட்ட அதே சத்தத்தை நம்ம ஆள் முன்னாடியே வாசிச்சு வச்சிருந்தார்!

எப்படித் தெரிய வந்தது? எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் 2002-ல் டெல்லியில் அந்தப் பழைய தட்டை வாங்கினார். பிறகு சரண்ஜித் சிங்கையே தேடிப் பிடித்து, 2010-ல் மறுபதிப்பு போட்டார். எழுபது வயதில் அந்த மனிதர் ஐரோப்பா போய் மேடையில் வாசித்தார். 2015-ல் காலமானார்.

வங்காளப் பாடகி ரூபா பிஸ்வாஸுக்கும் இதே கதை. கனடாவின் கால்கரியில் பதிவாகி 1982-ல் வந்த 'டிஸ்கோ ஜாஸ்' அப்போ எடுபடல. 2019-ல் சிகாகோவின் நியூமெரோ நிறுவனம் மறுபதிப்பு போட்டது. பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் நம்ம இளையராஜா பாட்டுகளையே தொகுத்து வினைலில் வெளியிட்டிருக்கு.

இதில் ரெண்டு விஷயம் கவனிங்க. பழைய தட்டு ஒண்ணு எங்கேயோ தப்பிப் பிழைக்கலன்னா, மறுபதிப்பு என்ற பேச்சே வந்திருக்காது. அதே சமயம் அந்தப் பழைய தட்டு கைமாறி எத்தனை ஆயிரத்துக்கு விற்றாலும், வாசித்தவர் கைக்கு ஒத்தை ரூபாய் வராது. முறையா உரிமை வாங்கிப் போடுற மறுபதிப்பில்தான் அவருக்கும் ஏதோ வரும்.

ஏழாம் நாள் ஊசி. அன்னைக்கு நான்தான் சண்டைக்குப் போனேன். "ரீமாஸ்டர் ஏன் வேண்டாம்? சத்தம் சுத்தமா இருக்குமே?"

ரீமாஸ்டர் என்றால் மூல டேப்பிலிருந்து மறுபடி ஒலியைச் சீர்செய்து எடுப்பது. டேப் நல்லா இருந்து, பொறுமையா செய்தால் ஒரிஜினலைவிட அருமையாவே வரும். ஆனா டேப் இருக்கணுமே! 2008 ஜூன் 1-ல் ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீ. அங்கிருந்த ஏராளமான மூல டேப்புகள் சாம்பலான சேதி, நியூயார்க் டைம்ஸ் எழுதி 2019-ல்தான் உலகத்துக்கே முழுசா தெரிஞ்சது. பணக்கார ஊரிலேயே இந்தக் கதி. டேப் போனபிறகு மிஞ்சுற ஒரே சாட்சி தட்டுதான்.

அடுத்தது சத்தம். இங்கே கொஞ்சம் மருத்துவம் பேசணும்.

சத்தம் குறைவா இருக்கும்போது நம்ம காது பேஸையும், ரொம்ப மெல்லிய கீச்சு ஒலியையும் சரியா எடுக்காது. 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை வரைபடமாகப் போட்டுக் காட்டிட்டாங்க. அதனால ஒரே பாட்டை லேசா கூட்டி வச்சாலே "ஆஹா, இது நிறைவா இருக்கே"ன்னு தோணும். பல ரீமாஸ்டர்களில் இதுதான் நடக்குது. மெல்லிசான இடத்தையும் தூக்கி, உரத்த இடத்துக்குச் சமமாக்கிடறாங்க. முதல் நிமிஷம் பிரமாதம். அரை மணி நேரம் கேட்டா காது களைச்சுப் போகும். டான்ஸ் பாட்டில் தாளம் விழுறதுக்கு முன்னாடி ஒரு அமைதி வேணும். அது போச்சுன்னா அடி உறைக்காது.

அதனால ரெண்டையும் ஒப்பிடும்போது ஒரே அளவு சத்தத்தில் வச்சுக் கேளுங்க. அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

ஒரிஜினல் பித்துக்கும் ஒரு குட்டு வைக்கணும். அனலாக் என்று நம்பி அதிக விலை கொடுத்து வாங்கின மொபைல் ஃபிடலிட்டி நிறுவனத்தின் மறுபதிப்புகளில் டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022-ல் வெளிவந்தது. அதுவரை எத்தனையோ தேர்ந்த காதுகள் அதைக் கேட்டு மெய்மறந்திருந்தன! நம்ம காது, பாதி நம்பிக்கையில்தான் கேட்குது.

28-ஆம் நாள். கடைசி ஊசி. அன்னைக்கு மாமாவும் சுகர் மாத்திரை வாங்க வந்திருந்தார். இத்தனை வருஷம் குழாய் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்னவர், இப்போ காது மந்தம். வலது பக்கம் நின்னு உரக்கப் பேசினாத்தான் கேட்கும்.

ஜெர்மானியர் சென்னையில் தேடிப் பிடித்த ஒரு இ.பி.யைப் பையிலிருந்து எடுத்தார். மாமா அதை வாங்கினார். விரல் படாம, ஓரத்தை மட்டும் பிடிச்சு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது மைக் செட்காரன் தட்டு மாப்ள. பாரு, ரெண்டாவது பாட்டு மட்டும் வெளுத்துக் கிடக்கு. ஊர்ல அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லியிருக்கானுங்க. நடு ஓட்டையைச் சுத்தி கீறல் பாரு. ராத்திரி இருட்டுல தட்டு மாத்தியிருக்கான்."

நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் வாயடைச்சு நின்னார். இத்தனை வருஷம் தட்டு சேர்க்கிறவர், இப்படி யாரும் தனக்குப் படிச்சுக் காட்டினதில்லன்னு சொன்னார்.

எனக்கு அப்போதான் உறைச்சது. அன்னைக்கு நான் எடைக்குப் போட்டது பாட்டை இல்ல. பாட்டு கம்ப்யூட்டரில் இருக்கத்தான் செய்யுது. எந்த ஊர் எந்தப் பாட்டுக்கு ஆடுச்சு என்பதற்கான கேஸ் ஷீட்டைத் தூக்கிப் போட்டிருக்கேன். அதை எந்த ரீமாஸ்டராலும் கொண்டுவர முடியாது.

ஆக, என் முடிவு இது.

கேட்கறதுக்கு, நல்லா செஞ்ச மறுபதிப்பை வாங்குங்க. முறையா உரிமை வாங்கிப் போட்டதான்னு பாருங்க.

பரணில் பழைய தட்டு இருந்தால் எடைக்குப் போடாதீங்க. படுக்க வச்சு அடுக்காம நிமிர்த்தி வையுங்க. நம்ம ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் வளைஞ்சிடும். லேபிளையும், அதைச் சுற்றி வழவழப்பாக இருக்கிற இடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் படம் எடுத்து வையுங்க. எந்த அச்சில் அடிச்ச தட்டுன்னு அதுதான் சொல்லும்.

முக்கியமா, அதைப் போட்டு ஓட்டின மனுஷன் வீட்டில் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. நான் இப்போ ஞாயிற்றுக்கிழமைகளில் போளூர் போறேன். எந்தத் திருவிழாவில் எந்தப் பாட்டு ஓடிச்சுன்னு மாமா சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுறேன். வலது பக்கம் உட்கார்ந்துதான்.



அரசு மருத்துவர்,
திருவண்ணாமலை