சட்டம் மறந்த சொல்

'ஆட்டிசம்' என்னும் சொல்லைச் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் பிளாய்லர் உருவாக்கியபோது, மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறியாகவே அதைக் கையாண்டார். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே அதைக் குழந்தைப் பருவத்துக்குரியதாக்கியது. இது பிறவியிலேயே அமைந்தது என்று முடித்த கானர், பெற்றோரின் அன்புக்குறைவையும் கூடவே சுட்டிவிட்டார். பின்வந்தோர் பலர் இரண்டாவதையே பற்றிக்கொண்டனர். தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1964இல் ரிம்லாண்ட் (இவரே அத்தகைய மகனின் தந்தை) அதை மறுத்து நூலெழுதினார். 1977இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது.

நம் நாட்டில் சிக்கல் வேறு. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு குறைபாடுகளையே பட்டியலிட்டது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர்சொல்லி ஏற்றது. எனினும் சான்றிதழும் இடஒதுக்கீடும் முன்னதையே சார்ந்திருந்தன. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ ஒரு தாய் தன் மகனைத் தருமபுரிக்கு அழைத்துச் சென்றிருந்தால், 'மனவளர்ச்சி குன்றியவர்' என்ற பிரிவில் அடங்கினால்தான் பெரும்பாலும் அவனுக்குச் சான்றிதழ். அறிவுத்திறன் குறையாத பிள்ளைக்கு அதுவும் பொருந்தாது. 2016ஆம் ஆண்டுச் சட்டமே 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில்.

தமிழில் 'மதியிறுக்கம்' என்கிறார்கள். அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும் காண்கிறோம். இப்பெயர் எனக்கு உடன்பாடில்லை. குக்கரின் விசில் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையிடம் புறவுலகம் அளவுக்கு மீறியே வந்து மோதுகிறது.