ஓர் எழுத்தை அழிக்கும் கட்டளை

உலாவியில் தமிழ் எழுதும் நாம் எல்லோரும் அறிந்த விந்தை இது. 'கொ' என்று எழுதிவிட்டுப் பேக்ஸ்பேஸ் விசையைத் தட்டினால், கொம்பும் காலும் மறைந்து 'க' மட்டும் எஞ்சுகிறது. அதே எழுத்துக்கு முன்னால் சுட்டியை நிறுத்தி டெலிட் விசையைத் தட்டினாலோ, பெரும்பாலும் முழு எழுத்தும் போய்விடுகிறது. இடமிருந்து பார்த்தால் ஓர் எழுத்து. வலமிருந்து பார்த்தால் இரண்டு!

உலாவிக்குள்ளேயே எழுதித் திருத்த வழிசெய்த நிரல் இடைமுகம், தொண்ணூறுகளின் இறுதியில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் உருவானது. 'எக்ஸெக்கமாண்ட்' என்பது அதன் பெயர். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அழித்தல் என எதுவானாலும் கட்டளையின் பெயரைச் சொன்னால் போதும், உலாவி அதைச் செய்யும். 2003இல் மொசில்லா 1.3 இதைத் தானும் ஏற்றது; பிற உலாவிகளும் பின்தொடர்ந்தன. ஒவ்வொரு கட்டளையும் சரியாக என்ன செய்ய வேண்டும் என்பதை 2011இல்தான் ஆர்யே கிரெகர் விரிவாக எழுத முற்பட்டார். வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது. நமக்கு இது புதிதன்று.

'அழி' என்பது எளிய சொல். எவ்வளவு அழிப்பது? அங்கேதான் ஒருங்குறி குறுக்கிடுகிறது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பு, இந்திய மொழிகளுக்கான 1988ஆம் ஆண்டின் இஸ்கி முறையைப் பின்பற்றியது. அதில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடையாது. அகரமேறிய மெய், அதைத் தொடரும் உயிர்க்குறி அல்லது புள்ளி, அவ்வளவே. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து அலகு. பின்னோக்கி அழிக்கையில் உலாவி கடைசி அலகை மட்டும் எடுக்கிறது. தவறான குறியைத் திருத்துபவர் மெய்யை மீண்டும் தட்ட வேண்டாம் என்பது இதற்குச் சொல்லத்தக்க நியாயம். ஆனால் ரோமன் ஒலிப்பு முறையில் தட்டுபவர் முதலில் காண்பது 'க்', அடுத்து 'கொ'. அழித்தால் வருவதோ அவர் தட்டியே இராத 'க'.

மதுரைப் பெயரோடு சேர்த்தும் இக்கதையைச் சொல்லலாம். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வேண்டும் என்றது தொல்காப்பியம். ஓலைகளில் புள்ளி விடுபட்டுப்போக, குறிலா நெடிலா என்பதைப் படிப்பவர்தாம் ஊகிக்க வேண்டியிருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்த்து நெடிலுக்கு வேறு வடிவம் தந்தவர் என 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைச் சொல்வர். அவர் மதுரை மிஷனைச் சேர்ந்தவர். ஒருங்குறியில் இன்று ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தனித்தனி எண்கள் இருப்பது அந்தத் திருத்தத்தின் தொடர்ச்சி.

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மின்நூல் திட்டத்துக்கும் மதுரை என்றே பெயர். தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட அதன் நூல்கள் முதலில் ஒருங்குறியில் வரவில்லை. அவற்றில் பலவற்றைச் சுமந்த திஸ்கி முறையில், கண்ணில் படும் வரிசையே சேமிக்கும் வரிசை: கொம்பு, ககரம், கால். அங்கே 'கொ'வின் கடைசி அலகை அழித்தால் 'கெ' மிஞ்சும்! ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பை மெய்க்குப் பின்னே கொண்டுபோக வேண்டும். மாற்றியில் வரிசை பிசகினால் சொல்லே சிதையும். இந்தத் தலைவலியை அன்றைய இணையத் தமிழர் நன்கறிவர். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அதில் 'கொ' ஒரே தட்டில் போய்விடும். உலாவிகளில் நிலைத்தது ஒருங்குறிதான்.

எக்ஸெக்கமாண்ட் இன்று கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டும் இயங்கிக்கொண்டிருக்கிறது. அழிப்பதற்கு முன்பே நிரலுக்குச் செய்தி சொல்லும் புதிய நிகழ்வுமுறை, 2021இல் ஃபயர்பாக்ஸ் 87உடன் முதன்மை உலாவிகள் அனைத்துக்கும் வந்துசேர்ந்தது. எங்கு ஓர் எழுத்து முடிகிறது என்று கேட்டறியும் வசதியும் இப்போது உண்டு. ஆகவே தமிழுக்கான எழுதுகருவி செய்பவர் இனி உலாவியின் முடிவை ஏற்க வேண்டியதில்லை. 'ழ்' எழுதியபின் புள்ளியை மட்டும் நீக்குவது நமக்குப் பயன்படும். 'கொ'வைக் 'க' ஆக்குவது பயன்படாது என்பதே எங்கள் கட்சி. இரண்டையும் பிரித்தறிய நிரலில் சில வரிகள் போதும்.